சந்திரசேகர் எல்லைக் கட்டுரைக்கு ஏன் இவ்வளவு குறைந்த சைட்டேஷன்?

கேள்விக்குறி | 3 ஜூன் 2024, இரவு 9:40

வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்து, ஏ.டி.எஸ். என்கிற வானியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டு சைட்டேஷன் (எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்) வரிசையில் அடுக்கினேன். மேலே நிற்பது 1943-இல் வந்த பிரௌனியன் இயக்க ரெவ்யூவும் தடித்தடியான புத்தகங்களும். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெள்ளைக் குள்ளனுக்கு 1.44 சூரிய நிறைதான் உச்சம் என்று சொன்ன 1931 கட்டுரை அவற்றுக்கெல்லாம் கீழே கிடக்கிறது. எச்-இன்டெக்ஸும் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒற்றை எண்) இன்றைக்கு ஈர்ப்பலை ஆய்வுக் கூட்டணியில் இருக்கிற நாற்பது வயதுக்காரர் பலரைவிடக் குறைவு. எண் தப்பா, நான் தேடிய விதம் தப்பா?

மீன்நோக்கி | 3 ஜூன், இரவு 10:25

இரண்டிலும் கோளாறு இருக்கிறது. தேடலிலிருந்து ஆரம்பிப்போம்.

1. "சந்திரசேகர், எஸ்" என்று மட்டும் போட்டால் குறைந்தது இரண்டு ஆட்கள் கலந்து வருவார்கள். இன்னொருவர் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகத்தில் வேலை செய்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகம் பற்றி 'பிரமாணா' இதழில் 1977-இல் வந்த கட்டுரை அவர் குழுவினுடையது. அதற்கும் சைட்டேஷன் கொட்டுகிறது. உங்கள் பட்டியலில் 'டிஸ்காட்டிக்' என்று ஏதாவது தலைகாட்டினால் அது இவர்தான்.

2. ஆண்டை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐம்பதுகள் முதல் 1995 வரை இருவரும் ஒரே காலத்தில் எழுதியிருக்கிறார்கள். நிறுவனப் பெயரை வைத்து வடிகட்டுவதும் உதவாது, பழைய பதிவுகள் பாதியில் நிறுவனப் பெயரே கிடையாது. வானியல் தொகுப்புக்கு மட்டும் சுருக்கினால் பெரும்பாலும் சுத்தமாகும், ஆனால் இயற்பியல் இதழ்களில் நம்மவர் எழுதியதில் சில விடுபடும். தலைப்பு தலைப்பாகக் கையால் டிக் அடித்து ஒரு 'லைப்ரரி'யில் சேமித்து, அதன் மேல் மெட்ரிக்ஸ் (சைட்டேஷன் கணக்கு) ஓட்டுவது ஒன்றே வழி. ஒரு மணி நேர வேலை.

3. புத்தகங்களைப் பதிப்புவாரியாகப் பாருங்கள். 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' 1950-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது, 1960-இல் டோவர் மறுபதிப்பு போட்டது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனி எண்ணிக்கை. 'ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னெட்டிக் ஸ்டெபிலிட்டி' (1961) கதையும் அதேதான்.

தாள்தின்னி | 3 ஜூன், இரவு 11:02

முதல் திருத்தம். 1931 கட்டுரையில் 1.44 கிடையாது. அதில் இருப்பது 0.91 சூரிய நிறை. ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல், தொகுதி 74, பக்கம் 81, மொத்தமே இரண்டு பக்கம். 1.44-க்கு அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்விக்குறி | 4 ஜூன், காலை 6:50

அப்படியென்றால் கணக்கில் தப்பு விட்டாரா?

தாள்தின்னி | 4 ஜூன், காலை 8:15

கணக்கு சரி, உள்ளே போட்ட எண்தான் வேறு. உச்ச நிறை, ஒரு எலக்ட்ரானுக்கு எத்தனை அணுக்கருத் துகள் என்கிற மியூவின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும். சுமார் 5.8-ஐ மியூ வர்க்கத்தால் வகுத்தால் சூரிய நிறையில் விடை வரும். அன்று வழக்கில் இருந்த மதிப்பு 2.5. அதன் வர்க்கம் 6.25, விடை ஒன்றுக்குச் சற்றுக் கீழே. அன்றைய மாறிலிகளோடு அவருக்கு 0.91 வந்தது. ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் எதுவானாலும் மியூ 2, வர்க்கம் 4, ஆக 1.44 பக்கம். சூத்திரம் மாறவில்லை, விண்மீன் எதனால் ஆனது என்கிற புரிதல்தான் மாறியது.

முழு வெள்ளைக் குள்ளன் கோட்பாடு, அதாவது அடர்த்தி குறைந்த வெளிப்பகுதியிலிருந்து சார்பியல் மையம் வரை துல்லியச் சமன்பாட்டோடு போட்ட கணக்கு, 1935-இல் ராயல் வானியல் கழக மாத இதழில் வந்தது. தொகுதி 95, பக்கம் 207. நிறைக்கும் ஆரத்துக்குமான வளைகோடு வேண்டுமென்றால் இதைக் காட்ட வேண்டும். எல்லை ஒன்று உண்டு என்பதற்கு 1931. 1.44 என்ற எண்ணுக்கு மட்டும் என்றால் 1939 புத்தகமே போதும்.

ஆக ஒரே கண்டுபிடிப்பின் சைட்டேஷன் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

பட்டகம் | 4 ஜூன், காலை 9:30

சிதறிக் கிடப்பதாவது கூட்டினால் வந்துவிடும். வராமலே போனதுதான் அதிகம். "சந்திரசேகர் எல்லை" என்று எழுதுகிறவர் யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. நியூட்டன் விதிக்கு யார் பிரின்சிபியாவைக் காட்டுகிறார்கள்? பெயர் சொல்லாக மாறிய அன்றே சைட்டேஷன் நின்றுவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: உள்வாங்கப்பட்டதால் அழிந்துபோதல்.

அளந்தும் பார்க்கலாம். ஏ.டி.எஸ்.-இல் முழு உரைத் தேடலில் அந்தச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 1931, 1935 கட்டுரைகளைக் காட்டியவற்றையும் 1939 புத்தகத்தைக் காட்டியவற்றையும் கழித்தல் குறி போட்டு நீக்குங்கள். மிஞ்சுவதுதான் கடன் சொல்லாத கூட்டம். முழு உரை எல்லாக் கட்டுரைக்கும் இருக்காது, அதனால் வரும் எண் கீழ்வரம்பு மட்டுமே.

மீன்நோக்கி | 4 ஜூன், பகல் 1:10

நேற்று பதிப்புகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டேன். 1950 எண்ணையும் 1960 எண்ணையும் அப்படியே கூட்டாதீர்கள். சிலர் ஒரே கட்டுரையில் இரண்டையும் காட்டியிருப்பார்கள். இரண்டு பதிவுகளின் பிப்கோடையும் 'அல்லது' என்று இணைத்து, வெளியே, அவற்றைக் காட்டிய கட்டுரைகளை எடுத்துத் தரும் சைட்டேஷன்ஸ் ஆபரேட்டரைப் போட்டால் இரட்டைகள் தானாக நீங்கிவிடும். பிப்கோடு என்பது அந்த 19 எழுத்து அடையாளம்: ஆண்டுக்கு 4, இதழுக்கு 5, தொகுதிக்கு 4, ஒரு வகைக்குறி, பக்கத்துக்கு 4, கடைசியாக முதலாசிரியர் பெயரின் முதல் எழுத்து. காலியிடமெல்லாம் புள்ளி. ஒரு புள்ளி குறைந்தாலும் பூஜ்யம் என்று வரும், பதற வேண்டாம்.

கேள்விக்குறி | 4 ஜூன், இரவு 8:05

சரி, எச்-இன்டெக்ஸ்?

மீன்நோக்கி | 4 ஜூன், இரவு 9:48

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லவேண்டும்.

ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் சொன்ன விதி: குறைந்தது எச் தடவை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கை இருந்தால் உங்கள் எண் எச். ஒரு கட்டுரை பத்தாயிரம் வாங்கினாலும் எச்-இல் ஒன்றுதான் கூடும். மொத்த சைட்டேஷன் பொதுவாக எச் வர்க்கத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு இருக்கும் என்று அவரே சொன்னார். சந்திரசேகருக்கு உங்கள் லைப்ரரியில் இந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்தை எளிதாகத் தாண்டும். மேல்கனம் அவ்வளவு.

ஏன் மேல்கனம் என்பதற்கு அவர் வேலை செய்த முறையைப் பார்க்கவேண்டும். ஒரு துறைக்குள் போவார், ஐந்தாறு முதல் பத்து வருடம் தொடர் கட்டுரைகள், பிறகு அத்தனையையும் ஒரு புத்தகமாகக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். விண்மீன் அமைப்பு, 1939-இல் புத்தகம். விண்மீன் இயக்கவியல், 1942. கதிர்வீச்சுக் கடத்தல், 1950. பாய்ம நிலைத்தன்மை, 1961. நீள்வட்டத் திண்மங்கள், 1969. கருந்துளை, 1983.

இதில் கதிர்வீச்சுப் பகுதியை மட்டும் எடுங்கள். 1944 முதல் 1948 வரை "விண்மீன் வளிமண்டலத்தின் கதிர்வீச்சுச் சமநிலை" என்ற ஒரே தலைப்பில் ரோமன் எண் போட்டு 24 கட்டுரைகள். எச்-இன்டெக்ஸ் கண்ணோட்டத்தில் 24 கட்டுரை என்பது சொத்து. ஆனால் 1950-இல் புத்தகம் வந்ததும் யாரும் ஏழாவது கட்டுரையையோ பதினான்காவதையோ தேடிப் போகவில்லை. கதிர்வீச்சுக் கடத்தல் கணக்கில் வரும் எச்-ஃபங்ஷன் அட்டவணையா, புத்தகம். ரேலி சிதறலில் முனைவாக்கமா, புத்தகம். 24 கட்டுரைக்குப் போகவேண்டியது ஒரே பதிவில் விழுந்தது, எச்-இல் அதற்குக் கிடைத்தது ஒன்று. தன் இன்டெக்ஸைத் தானே தின்ற மனிதர்.

தாள்தின்னி | 4 ஜூன், இரவு 10:03

எச்-ஃபங்ஷனும் அவருடையது, எச்-இன்டெக்ஸில் மட்டும் பிடிபடவில்லை. இதற்கு மேல் ஜோக் அடிக்கமாட்டேன்.

பட்டகம் | 5 ஜூன், காலை 7:20

கூட்டணிக்காரர்களோடு ஒப்பிடுவதே அபத்தம். 2016-இல் வந்த முதல் ஈர்ப்பலைக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆசிரியர்கள், அகரவரிசையில். அத்தனை பேருக்கும் முழு சைட்டேஷன் ஏறுகிறது. மெட்ரிக்ஸ் பக்கத்தில் 'நார்மலைஸ்டு' என்றொரு வரி உண்டு, ஒவ்வொரு கட்டுரையின் சைட்டேஷனையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டும். அதைப் பாருங்கள், நாற்பது வயதுக்காரரின் மலை மணல்மேடு ஆகிவிடும். சந்திரசேகர் பெரும்பாலும் தனியாகவோ ஒரு துணையோடோ எழுதியவர், அவருக்கு அதிகம் இறங்காது.

பெயருக்கு முன் ^ குறி போட்டு முதலாசிரியர் கட்டுரையை மட்டும் எடுக்கும் வித்தையும் அகரவரிசைக் கட்டுரையில் செல்லாது. அங்கே முதலாசிரியர் என்பவர் அகரவரிசையில் முந்திப் பிறந்தவர், அவ்வளவுதான்.

மீன்நோக்கி | 5 ஜூன், காலை 8:40

நார்மலைஸ்டு எண்ணும் முழு நியாயமில்லை. மூவாயிரம் மணிநேரம் கருவியைச் சரிசெய்தவருக்கும் ஓரமாகப் பெயர் இருப்பவருக்கும் ஒரே ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு பக்கச் சாய்வை இன்னொரு பக்கச் சாய்வால் சரிக்கட்டுகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.

கேள்விக்குறி | 5 ஜூன், மாலை 5:15

1943 ரெவ்யூ ஏன் இவ்வளவு மேலே? வானியலில் அவ்வளவு பேர் பிரௌனியன் இயக்கம் செய்கிறார்களா?

தாள்தின்னி | 5 ஜூன், மாலை 6:32

வானியல்காரர் கொஞ்சம்தான். சைட்டேஷன் வருவது வேதியியல், கூழ்மம், பாலிமர், உயிர் இயற்பியல் பக்கமிருந்து. ரெவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ், தொகுதி 15, முதல் பக்கத்தில் தொடங்கி 89 பக்கம். நான்கு அத்தியாயம். முதலாவது தன்னிச்சை நடை; இரண்டாவது பிரௌனியன் இயக்கத்தின் லாங்கெவின், ஃபாக்கர்-பிளாங்க் சமன்பாடுகள்; மூன்றாவது கூழ்மத் துகள் படிதல், திரளல், ஆற்றல் தடையைத் தாண்டுதல்; கடைசியில்தான் விண்மீன்கள், அவற்றின் ஈர்ப்புவிசைக்கான ஹோல்ட்ஸ்மார்க் பரவல். வேதியியல்காரர் மூன்றாவதோடு மூடிவிடுவார், விண்மீனுக்காக எழுதிய நாலாவதை அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

இதிலும் ஒரு கசிவு உண்டு. 1954-இல் நெல்சன் வாக்ஸ் தொகுத்த டோவர் தொகுப்பில் இதை மறுபடி அச்சிட்டார்கள். தொகுப்பைக் காட்டுகிறவர்களின் சைட்டேஷன் வாக்ஸ் பெயரில் போகிறது.

அதே 1943-இல் இயக்கவியல் உராய்வு. கனமான பொருள் விண்மீன் கூட்டத்துக்குள் போகும்போது பின்னால் திரளும் விண்மீன்கள் அதை இழுத்து வேகம் குறைக்கும் விளைவு. ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல், தொகுதி 97, பக்கம் 255. மூன்று பாகமாக வந்தது, எல்லாரும் முதல் பாகத்தைத்தான் காட்டுவார்கள். கூடவே அந்தச் சூத்திரத்தில் வரும் குலோம்ப் மடக்கையின் மதிப்பு எதுவென்று சொல்லாமல் நழுவுவார்கள்.

பட்டகம் | 6 ஜூன், காலை 7:05

தூங்கி எழுந்த கட்டுரைகளையும் சேருங்கள். 1960, அமெரிக்க தேசிய அகாதமி இதழ்: காந்தப்புலத்தில் சுழலும் உருளைகளுக்கு நடுவே பாய்மத்தின் நிலைத்தன்மை. அதற்கு ஒரு வருடம் முன் ரஷ்யாவில் வெலிகோவ் அதையே சொல்லியிருந்தார். முப்பது வருடம் அநேகமாக யாரும் சீந்தவில்லை. 1991-இல் பால்பஸும் ஹாலியும் அதுதான் சேர்மான வட்டுகளை (கருந்துளை போன்றவற்றைச் சுற்றி விழும் வாயுத் தட்டுகளை) கலக்கும் நிலையின்மை என்று காட்டிய பிறகு தூசி தட்டினார்கள்.

ஏன் தூங்கியது? 1960-இல் அதற்கு வாடிக்கையாளர் இல்லை. சேர்மான வட்டு என்பதே பேசுபொருள் ஆகவில்லை. 1973-இல் ஷகூராவும் சுன்யாயெவும் வட்டின் பிசுபிசுப்பை ஆல்பா என்ற ஒற்றை எண்ணில் அடக்கினார்கள், அந்த ஆல்பா எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது.

மீன்நோக்கி | 6 ஜூன், காலை 9:15

அதன் இயற்பியலையும் ஒரு வரி சேர்க்கலாம். காந்தப்புலம் இல்லாத சுழற்சியில், கோண உந்தம் வெளிநோக்கிக் குறைந்தால்தான் நிலை குலையும் (ரேலி விதி). கெப்ளர் வட்டில் அது ஆரத்தின் வர்க்கமூலம்போல் கூடுகிறது, ஆகவே நிலையானது. மெல்லிய புலம் ஒன்றைச் சேருங்கள், விதி மாறிவிடும்: கோண வேகம் வெளிநோக்கிக் குறைந்தாலே போதும். கெப்ளரில் அது ஆரத்தின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது, ஆகவே குலையும். வியப்பு என்னவென்றால் புலத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் ரேலி விதி திரும்பி வராது. சந்திரசேகர் இதைக் கவனித்து எழுதியும் இருக்கிறார்.

இப்போது சைட்டேஷனை ஆண்டுவாரி வரைபடமாகப் போட்டால் முப்பது வருடத் தரை, பிறகு ஏற்றம். மொத்த எண்ணில் இந்த வடிவம் தெரியாது. உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு படம் போட இடமிருந்தால் இதைப் போடுங்கள்.

கேள்விக்குறி | 6 ஜூன், இரவு 9:30

இயற்பியலாளர் ஃபெர்மியோடு காந்தப்புலம் பற்றி எழுதியதும் அப்படித்தானா?

பட்டகம் | 7 ஜூன், காலை 6:45

ஏறத்தாழ. 1953, ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல், தொகுதி 118, பக்கம் 113. விண்மீன் ஒளியின் முனைவுத் திசை எவ்வளவு சிதறுகிறது, வாயு எவ்வளவு வேகத்தில் கலங்குகிறது, அடர்த்தி என்ன என்கிற மூன்றையும் வைத்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் வழி. சுருள்கைகளுக்கு அவர்களுக்கு வந்தது சுமார் 7 மைக்ரோகாஸ். தூசியின் முனைவாக்க வரைபடங்கள் குவியத் தொடங்கிய பிறகு மூலக்கூறு முகிலுக்கெல்லாம் இதைப் போடுகிறார்கள். 1951-இலேயே டேவிஸ் இந்த வழியைச் சொல்லியிருந்ததால் இப்போது டேவிஸ்-சந்திரசேகர்-ஃபெர்மி என்று மூன்று பெயர்.

எளிய சூத்திரம் என்பதால் தப்பும் எளிது. கோணச் சிதறலை ரேடியனில் போடவேண்டிய இடத்தில் டிகிரியில் போட்டால் புலம் 57 மடங்கு குறையும். நிறமாலைக் கோட்டின் அரை உயர அகலத்தை அப்படியே திசைவேகச் சிதறலாக எடுத்தால் 2.355 மடங்கு கூடும். முன்னால் 0.5 திருத்தக் காரணி போட மறந்தால் இரண்டு மடங்கு.

தாள்தின்னி | 7 ஜூன், காலை 8:00

அந்த 0.5 எங்கும் செல்லுபடியாகாது. 2001-இல் ஆஸ்ட்ரைக்கர், ஸ்டோன், கேமி உருவகப்படுத்திப் பார்த்ததில் கோணச் சிதறல் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் ஓரளவு பொருந்தியது. அடர்த்தியிலும் பாருங்கள், ஹைட்ரஜன் மூலக்கூறு எண்ணிக்கையிலிருந்து போனால் பெருக்கவேண்டியது 2.8, ஹீலியத்தையும் சேர்த்து. 2 போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இழை எங்கேயோ போய்விட்டது. திரும்புவோம்.

மீன்நோக்கி | 7 ஜூன், இரவு 10:10

திரும்பியாயிற்று. சைட்டேஷனுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் தெரியாது என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 11 ஜனவரி 1935 லண்டன் கூட்டத்தில் வானியலாளர் எடிங்டன், அந்த எல்லைக்கே அடிப்படையான சார்பியல் சிதைவுநிலை என்று ஒன்று கிடையாது என்று சொன்னது எல்லாருக்கும் தெரியும். அது அச்சிலும் வந்தது, சந்திரசேகர் கட்டுரை வந்த அதே தொகுதி 95-இல், 194-ஆம் பக்கம் தொடங்கி. சந்திரசேகருடையது 207. எதிரியும் அவரும் பக்கத்து வீடு. "இது தப்பு" என்று சொல்லிக் காட்டினாலும் எந்திரத்துக்கு அது ஒரு ஓட்டு.

முப்பதுகளின் இதழ்களில் மேற்கோள்கள் பக்க அடிக்குறிப்பில், "முன் சொன்ன இடத்தில்" என்ற சுருக்கத்தோடு வரும். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எந்திரம் படிக்கும்போது அவற்றில் பல விழுந்துவிடும். ஆகவே முதல் இருபது வருடத்து எண்ணிக்கையை வைத்து "அன்று யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்விக்குறி | 8 ஜூன், காலை 10:20

லைப்ரரி போட்டு முடித்தேன். திரவப் படிகக்காரரை நீக்கியாயிற்று. அவரும் உறவா?

தாள்தின்னி | 8 ஜூன், பகல் 12:00

உறவுதான். நம்மவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், அவர் ராமனின் சகோதரி மகன். சுப்ரமணியன் மகன் சந்திரசேகர், சிவராமகிருஷ்ணன் மகன் சந்திரசேகர். இருவருக்கும் 'எஸ்' அப்பா பெயரின் தலையெழுத்து. நம் இனிஷியல் முறையை வெளிநாட்டுத் தரவுத்தளம் முதற்பெயர் என்று எடுத்துக்கொண்டதில் மாமன் மகன், அத்தை மகன் முறைக்காரர் இருவர் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

கூகுள் ஸ்காலருக்குப் போனால் மூன்றாவது எஸ். சந்திரசேகரும் வருவார், மக்கள்தொகை ஆய்வாளர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1967-இல் மத்திய சுகாதார அமைச்சர் ஆனவர். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தலைப்பு தெரிந்தால் நீக்கிவிடுங்கள். இன்று எழுதத் தொடங்குகிறவர்கள் முதல் கட்டுரையிலேயே ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) வாங்கி, எல்லாவற்றிலும் ஒரே பெயர் வடிவத்தைப் போடுவது நல்லது.

கேள்விக்குறி | 8 ஜூன், மாலை 4:45

கடைசியாக, பக்கத்தில் என்ன எண் போடுவது?

மீன்நோக்கி | 8 ஜூன், மாலை 6:30

எண் போட்டால் நான்கு தகவலும் கூடவே போடுங்கள்: எந்தத் தளம், எந்தத் தேதியில் எடுத்தது, புத்தகப் பதிப்புகளைச் சேர்த்தீர்களா, நார்மலைஸ்டா இல்லையா. எச்-இன்டெக்ஸை நான் போடமாட்டேன். 1952 முதல் 1971 வரை ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலுக்கு ஆசிரியராக இருந்து மற்றவர் கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த 19 வருட உழைப்புக்கு எந்த இன்டெக்ஸிலும் பத்தி கிடையாது. அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

தாள்தின்னி | 8 ஜூன், இரவு 7:12

முதல் வரியிலிருக்கும் 1.44-ஐயும் மாற்றிவிடுங்கள். 1931 என்றால் 0.91.